ஒரே ஸ்கேன், பல படங்கள்: பெட் ஸ்கேனை எந்த முறையில் மீளமைப்பது?

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி போன மாதம் இரண்டு ரிப்போர்ட்டுகளைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். முதல் பெட் ஸ்கேன் சிகிச்சை தொடங்குமுன் எடுத்தது. இரண்டாவது, இரண்டு தடவை மருந்து ஏற்றிய பிறகு, வேறோர் இடத்தில் எடுத்தது. முதல் இடத்தில் திகதி கிடைக்கவில்லையாம். நெஞ்சுக்குள் இருந்த பெரிய கட்டி நன்றாக அடங்கிவிட்டது. ஆனால் கழுத்தோரத்தில் இருக்கும் ஒரு சின்ன நிணநீர்க் கணுவுக்கு எஸ்யூவி என்ற எண் (கதிர்மருந்து எவ்வளவு சேர்ந்தது என்பதற்கான அளவு) முதல் ரிப்போர்ட்டில் 3.6, இரண்டாவதில் 4.2. “அண்ணே, இது கூடிப்போச்சா, இல்ல மெஷின் மாறினதாலயா?” என்று கேட்டிருந்தார்.

அதே வாரம் பேராதனையில் மருத்துவப் பௌதிகவியல் படிக்கும் ஒரு தங்கச்சியிடமிருந்து இன்னொரு கேள்வி. ஆய்வுக்குப் பெட் தரவு கையில் இருக்கிறது. அதிலிருந்து படத்தைக் கட்டும் கணக்கு முறைகளில் ஓசெம் போதுமா, பிஎஸ்எஃப் சேர்க்க வேண்டுமா, இல்லை எல்லோரும் பேசுகிற ஏஐக்கே போய்விடலாமா?

கேட்டவர்கள் வேறு, கேள்வி ஒன்றுதான். அதனால் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெட் மெஷின் கமரா மாதிரிப் படம் பிடிப்பதில்லை. நோயாளருக்கு ஏற்றும் எஃப்டிஜி என்பது புளோரின்-18 ஒட்டிய குளுக்கோசு. ஏறத்தாழ 110 நிமிடத்தில் அதன் கதிர்த்தொழிற்பாடு பாதியாகிவிடும். அதிலிருந்து வெளிவரும் பொசித்திரன் பக்கத்திலுள்ள ஓர் இலத்திரனோடு சேர்ந்து அழியும்போது, 511 கிலோ இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ள இரண்டு காமாக் கதிர்கள் ஏறக்குறைய எதிரெதிர்த் திசையில் பறக்கின்றன. உடம்பைச் சுற்றியுள்ள வளையத்தில் இரண்டு பளிங்குகள் ஒரே நேரத்தில் மினுங்கினால், ‘இந்த இரண்டையும் சேர்க்கும் கோட்டில் எங்கோ ஓரிடம்’ என்று மெஷின் எழுதி வைக்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இப்படிக் கோடிக்கணக்கில் கோடுகள்.

அந்தக் கோடுகளிலிருந்து படத்தைக் கட்டுவதுதான் மீளமைப்பு. அது முழுக்கக் கணினியின் வேலை. கணக்கு மாறினால் படம் மாறும். படம் மாறினால் ரிப்போர்ட்டில் எழுதும் எஸ்யூவி என்ற எண்ணும் மாறும். ஏற்றிய எஃப்டிஜி மருந்து உடம்பு முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் எங்கும் எஸ்யூவி 1. ஓரிடத்தில் 4 என்றால், சமமாகப் பரவியிருந்தால் இருந்திருக்கும் அளவைப்போல நான்கு மடங்கு அங்கே சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

என் அம்மா கொழுந்து பறித்தவர். ஒரே கூடைக் கொழுந்தை இரண்டு மடுவத்தில் நிறுத்தால் இரண்டு நிறை வரும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் புதினமில்லை. ஓரிடத்தில் ஈரத்துக்குக் கழிப்பார்கள், இன்னோரிடத்தில் கூடைக்கும் சேர்த்துக் கழிப்பார்கள். இரண்டு கிலோ வித்தியாசம் வந்தால் கொழுந்து வளர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கழித்த கணக்கைத்தான் கேட்பார்கள். பெட் ரிப்போர்ட்டிலும் அந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, சின்னதைக் காட்டுமா என்பது. பெட்டின் கூர்மை ஏறத்தாழ 4 முதல் 6 மில்லிமீற்றர். ஒரு சென்ரிமீற்றர்க் கணுவில் சேர்ந்த மருந்து படத்தில் சுற்றிலும் வழிந்து, உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும். இரண்டாவது இரைச்சல்: ஈரல் போன்ற சீரான உறுப்பு படத்தில் எவ்வளவு புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது? மூன்றாவது, எண் உண்மைக்கு எவ்வளவு பக்கம். நான்காவது, போன தடவை எடுத்த படத்தோடு ஒப்பிடலாமா. ஐந்தாவது செலவு: மென்பொருள் உரிமம், கணினி நேரம், அப்புறம் மூலத் தரவை (மெஷின் எழுதி வைத்த அந்தக் கோடுகளின் பதிவை) சேமிக்கும் இடம்.

விற்பனைப் பிரசுரங்கள் முதல் இரண்டைப் பற்றித்தான் பேசும். சிகிச்சையின் நடுவில் இருக்கும் நோயாளருக்கு என் கணக்கில் நான்காவதுதான் முதலாவது.

## எஃப்பிபி: வடிகட்டிப் பின்னோக்கிப் பரப்புதல்

ஒவ்வொரு கோட்டிலும் பதிவான அளவை அந்தக் கோடு நெடுகத் திரும்பப் பூசிவிடு. எல்லாக் கோடுகளும் வெட்டும் இடம் தானாகப் பிரகாசமாகும். இதுதான் யோசனை. வெறுமனே பூசினால் படம் மங்கலாக வரும் என்பதால், பூசுமுன் ஒரு வடியால் கூராக்குவார்கள். அந்த வடிகளில் ஒன்றின் பெயர் ராம்-லாக். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த பெயர் அது. மென்பொருளின் பட்டியலில் இந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

இதன் பலம் நேர்மை. இரண்டு மடங்கு மருந்து இருந்தால் படத்தில் இரண்டு மடங்கு. எத்தனை சுற்று, எந்த இடத்தில் நிறுத்துவது என்ற குழப்பம் இல்லை. மெஷின்களின் கூர்மையை அளக்கும் நீமா தரநிலை இன்றும் புள்ளி மூலத்தை (புள்ளியளவான கதிர்மருந்தை) இந்த முறையில் மீளமைக்கச் சொல்வது அதனால்தான்.

பலவீனம் கண்ணிலேயே தெரியும். எண்ணிக்கை குறைந்த தரவில் கீற்றுக்கீற்றாகக் கோடுகள் விழும். சிறுநீர்ப்பையில் மருந்து தேங்கியிருந்தால் அதைச் சுற்றி நட்சத்திரம் போலக் கதிர் அடிக்கும். பக்கத்தில் இருக்கும் சின்னக் கணு அதில் காணாமல் போகும். உடம்பு முழுக்க எடுக்கும் புற்றுநோய் ஸ்கேனுக்கு இதை இன்று யாரும் முதல் தெரிவாக வைப்பதில்லை. பௌதிகம் படிப்பவர்கள் ஒரு தடவையாவது தங்கள் கையால் எழுதிப் பார்க்க வேண்டிய முறை, அவ்வளவுதான்.

## ஓசெம்: உப்புப் பார்த்துச் சமைப்பது

1982இல் ஷெப், வார்டி இருவரும் எம்எல்இஎம் என்ற முறையைப் பெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கறியில் உப்புப் பார்ப்பது போன்ற வேலை அது. ஓர் ஊகப் படத்தை வை. அந்தப் படம் உண்மையென்றால் மெஷினில் என்ன பதிவாகியிருக்கும் என்று கணக்குப் போடு. உண்மையான பதிவோடு ஒப்பிடு. குறைகிற இடத்தில் கூட்டு, கூடுகிற இடத்தில் குறை. திரும்பவும் செய்.

கதிர்த்தொழிற்பாடு தற்செயலாக நடப்பது என்பதை இந்த முறை கணக்கில் எடுக்கிறது. உடம்பு கதிரை உறிஞ்சுவது, சிதறல் எல்லாவற்றையும் உள்ளே வைத்தே கணக்குப் போடலாம். ஆனால் ஆமை வேகம். 1994இல் ஹட்சன், லார்கின் இருவரும் கோடுகளைப் பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கைப் பார்த்த உடனேயே படத்தைத் திருத்தினால் என்ன என்று கேட்டார்கள். அதுதான் ஓசெம். 21 பங்கு, 2 சுற்று என்றால் ஏறத்தாழ 42 தடவை திருத்தியதற்குச் சமம். நேரமோ இரண்டு சுற்றுக்கு ஆகிற நேரம்தான். நாளாந்த வேலைக்கு வளையும் அளவுக்கு முறை வேகமானது இப்படித்தான்.

மறைந்திருக்கும் செலவுகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் இந்த முறையிலோ இதன் பிள்ளைகளிலோதான் வருகின்றன.

சுற்று கூடக்கூடச் சின்னக் கணுக்கள் தெளிவாகும், இரைச்சலும் ஏறும். அதனால் கணக்கு முடியுமுன் ஓரிடத்தில் அடுப்பை அணைக்கிறோம். எங்கே அணைப்பது என்பதை ஒவ்வோர் இடமும் தன் விருப்பப்படி தீர்மானிக்கிறது. எல்லா இடமும் ஒரே வேகத்தில் வேகுவதும் இல்லை: பெரிய, சூடான கட்டி சீக்கிரம் தன் எண்ணுக்கு வந்துவிடும், சூடான உறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மந்தமான இடத்துக்கு அதிக நேரம் பிடிக்கும். நிறுத்திய பிறகு, இரைச்சலை அடக்க, காஸ் (Gauss) என்ற, படத்தை வழவழப்பாக்கும் ஒரு வடியைப் போடுவார்கள். நானுஓயாவில் காலையில் இறங்கும் பனிமூட்டம் மாதிரி அது. கரடுமுரடு மறையும், தூரத்தில் இருக்கும் ஒற்றை மரமும் சேர்ந்து மறையும். வடியின் அகலம் 4 மில்லிமீற்றரா 6 மில்லிமீற்றரா என்பதே ஒரு சின்னக் கணுவின் எண்ணைக் கணிசமாக மாற்றப் போதும்.

ஆகவே ‘ஓசெம் முறையில் மீளமைத்தோம்’ என்று மட்டும் எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. எத்தனை சுற்று, எத்தனை பங்கு, எத்தனை மில்லிமீற்றர் வடி: இந்த மூன்றும் வேண்டும்.

ஓசெம் எங்கே நல்ல தெரிவு? பழைய ஸ்கேன்களோடு ஒப்பிட வேண்டிய இடத்தில். பல நிலையங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வில். காசு குறைந்த இடத்தில்.

## பறப்பு நேரம்: சுரங்கத்துக்குள் வெடித்த பட்டாசு

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. அரைக் கிலோமீற்றருக்கும் கூடிய நீளம். உள்ளே எங்கோ ஒரு பட்டாசு வெடிக்கிறது என்று வையுங்கள். இரண்டு வாசலிலும் ஒவ்வோர் ஆள். இருவருக்கும் ஒரே கணத்தில் கேட்டால் நடுவில் வெடித்திருக்கிறது. ஹட்டன் பக்கத்து ஆளுக்கு ஒரு செக்கன் முந்திக் கேட்டால், நடுவிலிருந்து ஹட்டன் பக்கமாக ஏறத்தாழ 170 மீற்றரில். சத்தம் செக்கனுக்கு 340 மீற்றர் போகிறது; அதில் பாதி. கைக்கடிகாரத்தில் கால் செக்கன் பிழை இருந்தால், இடத்திலும் நாற்பது மீற்றருக்கு மேல் பிழை வரும்.

பெட்டிலும் இதே கணக்குத்தான், சத்தத்துக்குப் பதில் ஒளி. இரண்டு பளிங்கும் மினுங்கிய நேர வித்தியாசத்தை 500 பிக்கோசெக்கன் துல்லியத்தில் அளந்தால், கோட்டில் எங்கே என்பது 7.5 சென்ரிமீற்றருக்குள் தெரியும். இப்போதைய நல்ல மெஷின்களில் 200 பிக்கோசெக்கனை ஒட்டி வந்துவிட்டது. அது 3 சென்ரிமீற்றர். இடம் சரியாகத் தெரியாவிட்டாலும், கோடு முழுக்கப் பூசுவதைவிட இது எவ்வளவோ மேல். இரைச்சல் குறையும், கணக்கும் குறைந்த சுற்றில் முடியும். உடம்பு பருமனாக இருக்க இருக்க நன்மை கூடும். மூச்சு வாங்கியதில், கூடவே எடுக்கும் சிடி (CT) எக்ஸ்ரே படமும் பெட் படமும் சற்று விலகிப்போனாலும் அதன் பாதிப்பு குறைவாக இருக்கும்.

ஆனால் இது மென்பொருளில் தட்டிவிடும் விசை அல்ல. மெஷினிலேயே வேகமான பளிங்கு இருக்க வேண்டும்; லுட்டீசியம் கலந்த பளிங்குகள் அப்படிப்பட்டவை, பிஜிஓ என்ற பழைய வகைப் பளிங்கு மந்தம். நேரத்தை அடிக்கடி சரிபார்க்கவும் வேண்டும். வாங்கும்போதே தீர்மானிக்கிற விசயம். மெஷினில் இருந்தால் பயன்படுத்துங்கள்; இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

## பிஎஸ்எஃப்: கூராக்கியதன் விலை

ஒரு புள்ளி மூலத்தை மெஷினுக்குள் வைத்தால் அது படத்தில் புள்ளியாக வராது, சின்னத் திட்டாக வரும். வளையத்தின் நடுவில் சிறிய திட்டு, ஓரத்துக்குப் போகப் போக நீண்ட திட்டு. அந்தத் திட்டின் வடிவத்தை முன்கூட்டியே அளந்து, ஓசெம் கணக்குக்குள் சேர்ப்பதுதான் பிஎஸ்எஃப். ‘நீ இப்படித்தான் மங்கலாக்குவாய் என்று எனக்குத் தெரியும்’ என்று மெஷினிடம் சொல்லி, மங்கலைத் திருப்பி எடுப்பது.

படம் பார்க்க அழகு. ஓசெமில் ‘இருக்கலாம்’ என்று விட்ட கணு இங்கே ‘இருக்கிறது’ என்று நிற்கும். சின்னப் புற்றை முதன்முதல் தேடும் வைத்தியருக்கு இதை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

விலை எண்ணில் இருக்கிறது. தொலைந்துபோன நுணுக்கத்தை முழுக்க மீட்க முடியாது. பாதி மீட்கும்போது விளிம்புகள் உண்மைக்கு மேல் துள்ளும். பெரிய கட்டியைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். கணு சின்னதாக இருந்தால் இரண்டு பக்கத்து விளிம்பும் நடுவில் சேர்ந்துவிடும், அந்தத் துள்ளல்கள் கூடி எஸ்யூவி உண்மையையே தாண்டிவிடும். இரைச்சலும் குறைந்ததுபோலத் தெரியும். உண்மையில் அது புள்ளியாக இருந்ததை விட்டு உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கும். சின்னக் கணு எது, இரைச்சல் உருண்டை எது என்று பிரிக்கப் பழகிய கண் வேண்டும்.

லிம்போமாவில் இது ஏன் முக்கியம்? சிகிச்சை வேலை செய்கிறதா என்று சொல்ல டோவில் அளவை என்ற ஐந்து படிகளைப் பயன்படுத்துகிறார்கள். மிச்சமிருக்கும் கணு ஈரலைவிட மேலே போகாவிட்டால் அதிகபட்சம் 3ஆம் படி. ஈரலைத் தாண்டினால் 4, வெகுவாகத் தாண்டினால் 5. ஈரல் பெரிய உறுப்பு, பிஎஸ்எஃப் போட்டாலும் அதன் சராசரி எண் அசையாது. சின்னக் கணுவின் எண் மட்டும் ஏறும். ஆகவே உடம்பில் ஒன்றுமே மாறாமல், கணக்கு மாறியதால் மட்டும் ஒருவர் 3இலிருந்து 4க்குப் போகலாம். மருந்தை மாற்றுவதா என்ற பேச்சு தொடங்கும் இடம் அந்தப் படிதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு, அது இன்னும் மோசம். திண்மக் கட்டிகளுக்குப் பயன்படும் பெர்சிஸ்ட் விதிகளில் எண் 30 வீதம் இறங்கினால் மருந்துக்குப் பலன் இருக்கிறது என்று எடுப்பார்கள். முதல் ஸ்கேன் பிஎஸ்எஃப் போட்டு 6.0, அடுத்தது போடாமல் 4.2 என்று வையுங்கள். சரியாக 30 வீதம். கட்டி அப்படியே இருக்க, வீட்டில் சந்தோசச் செய்தி.

## தண்டம் போடும் முறை

அடுத்தது பேய்சியன் வகை. ஜிஈ மெஷின்களில் கியூ.கிளியர் என்ற பெயரில் வருவது. ஓசெமில் இரைச்சலுக்குப் பயந்து பாதியில் நிறுத்தினோம் அல்லவா? இங்கே நிறுத்தத் தேவையில்லை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் காரணமில்லாமல் வித்தியாசப்பட்டால் அதற்குத் தண்டம் போடுகிறோம். கணக்கு முடியும்வரை ஓடும், இரைச்சலைத் தண்டம் அடக்கி வைத்திருக்கும். தண்டம் எவ்வளவு என்பதைச் சொல்வது பீட்டா என்ற ஓர் எண். கூட்டினால் படம் வழவழப்பு, குறைத்தால் கூர்.

எனக்குப் பிடித்தது இதில் ஒளிவுமறைவு குறைவு என்பது. சுற்று, பங்கு, வடி என்ற மூன்று திருகாணிகளுக்குப் பதில் ஒன்றே ஒன்று. அதையும் ரிப்போர்ட்டில் எழுதிவிடலாம். எஃப்டிஜிக்கு 400ஐ ஒட்டிய பீட்டாவைப் பலர் பயன்படுத்துகிறார்கள். எண்ணிக்கை குறைந்த இற்றியம்-90 போன்ற கதிர்மருந்துகளுக்கு அதைவிட நிறையக் கூட்ட வேண்டும்.

குறை என்றால் இரண்டு. மெஷின் கம்பனியைச் சார்ந்திருக்கிறது, உரிமத்துக்குத் தனிக் காசு. அப்புறம், சின்னக் கணுக்களின் எண் பழைய ஓசெமைவிட ஏறித்தான் வரும். பிஎஸ்எஃப்பில் சொன்ன டோவில் தலையிடி இங்கேயும் அப்படியே.

## ஏஐ

இரண்டு வகை உண்டு. ஒன்று, முடிந்த படத்தை எடுத்து இரைச்சலைத் துடைப்பது. மற்றது, மீளமைப்புக் கணக்கின் உள்ளேயே கற்றுக்கொண்ட ஒரு பகுதியைச் செருகுவது. பறப்பு நேரம் அளக்க முடியாத பிஜிஓ மெஷினின் படத்தை, பறப்பு நேரம் இருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஆக்கிக் கொடுக்கும் மென்பொருளும் சந்தைக்கு வந்துவிட்டது.

நன்மை உண்மையானது. மருந்தைக் குறைத்து ஏற்றலாம், அல்லது ஸ்கேன் நேரத்தைக் குறைக்கலாம். பிள்ளைகளுக்கும், வலியில் அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கும் இது பெரிய உதவி.

என் பயம் வேறு. ஓசெம் தவறினால் எப்படித் தவறும் என்று எனக்குத் தெரியும்: இரைச்சல் கூடும், விளிம்பு துள்ளும். ஏஐ தவறினால் படம் அப்போதும் அழகாகவே இருக்கும். பழகிய படங்களில் அதிகம் இல்லாத ஒரு சின்னப் புள்ளியை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிட்டால், துடைத்த தடம்கூடத் தெரியாது. துடைக்காத படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ள இடத்தில் ஏஐ நல்லது. இல்லாத இடத்தில் இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

## ஒரு பார்வையில்

| முறை | சின்னக் கணு | இரைச்சல் | பழையதோடு ஒப்பிட | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| எஃப்பிபி | மங்கல் | அதிகம், கீற்றுகள் | எளிது, ஆனால் நோயாளர் படத்துக்கு அரிது | பெரிதாக இல்லை |
| ஓசெம் | நடுத்தரம் | வடியைப் பொறுத்தது | நல்லது, மூன்று எண்ணும் ஒத்திருந்தால் | இடத்துக்கு இடம் வேறுபடும் அமைப்பு |
| பறப்பு நேரம் சேர்த்து | மேல் | குறைவு | கவனம் வேண்டும் | மெஷினே வேறு |
| பிஎஸ்எஃப் சேர்த்து | மிகத் தெளிவு, எண் துள்ளும் | திரண்ட உருண்டை | வடி போட்டு இறக்கினால் மட்டும் | டோவில் படி மாறலாம் |
| பேய்சியன் | மிகத் தெளிவு | பீட்டாவைப் பொறுத்தது | அதே பீட்டாவோடு மட்டும் | உரிமம், ஒரே கம்பனி |
| ஏஐ | படத்துக்குப் படம் மாறும் | மிகக் குறைவு | இன்னும் கடினம் | தவறு கண்ணுக்குத் தெரியாது |

பறப்பு நேரமும் பிஎஸ்எஃப்பும் தனி முறைகள் அல்ல, ஓசெமுக்கு மேல் ஏற்றும் சேர்மானங்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன.

## தெரிவு செய்யும்போது

தங்கச்சிக்கு முதலில். ஆய்வின் கேள்வி ‘கண்டுபிடிப்பதா, அளப்பதா’ என்று முடிவு செய்துவிட்டு முறைக்கு வாருங்கள். அளப்பது என்றால், நோயாளர் தரவைத் தொடுமுன், நீமா தரநிலைக்கான செயற்கை உடலை (phantom) வைத்து ஓட்டிப் பாருங்கள். அதற்குள் 10, 13, 17, 22, 28, 37 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஆறு உருண்டைகள் இருக்கும். உள்ளே எவ்வளவு ஊற்றினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும், படம் எவ்வளவு காட்டுகிறது என்று வகுத்துப் பார்க்கலாம். 10 மில்லிமீற்றர் உருண்டை குறைத்துக் காட்டினால் அது வழக்கம். 13, 17 உருண்டைகள் ஊற்றியதற்கு மேல் காட்டினால் பிஎஸ்எஃப் துள்ளுகிறது. ஸ்டிர், காஸ்டர் இரண்டும் இலவச மென்பொருள்கள். கம்பனியின் பெட்டிக்குள் ஒளிந்திருப்பதை வெளியே வைத்துப் பார்க்க அவை போதும். எஃப்பிபி, ஓசெம், ஓசெமும் பிஎஸ்எஃப்பும் என மூன்றையும் ஒரே தரவில் ஓட்டுங்கள். ஏஐயை அடுத்த ஆளுக்கு விடுங்கள். பயிற்றுவிக்கப் போதிய தரவு இல்லாமல் தொடங்கினால் ஆய்வு முழுக்க அதன் பின்னாலேயே போகும்.

மெஷினை ஓட்டும் இடங்களுக்கு என் பரிந்துரை ஒரு முறை அல்ல, இரண்டு. ஒரே மூலத் தரவிலிருந்து ஒரு படத்தைக் கூராக, பார்ப்பதற்கு. இன்னொன்றை அடக்கமாக, அளப்பதற்கு. நோயாளருக்கு இதனால் ஒரு துளி மருந்துகூட அதிகமாகாது, கணினிக்குச் சில நிமிடம்தான். ஐரோப்பிய அணுமருத்துவச் சங்கத்தின் ஏர்ல் திட்டம் இதைத்தான் தரநிலையாக்கி வைத்திருக்கிறது: எந்த மெஷினாக இருந்தாலும், உருண்டைகள் காட்டும் எண் குறித்த எல்லைக்குள் வரும்படி வடியைச் சரிசெய்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. மூலத் தரவு இருக்க வேண்டும். ஒரு நோயாளருக்கே அது பல கிகாபைற் ஆகும். இடம் போதாமல் அதை அழித்துவிடும் இடங்கள் பல. படம் இருந்தும் கோடுகள் இல்லையென்றால் திரும்பக் கட்ட முடியாது.

குடும்பங்களுக்கு: முடிந்தவரை ஒரே இடம், ஒரே மெஷின். ஹட்டன் பக்கத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வருகிறவர்களுக்கு ‘கிடைத்த இடத்தில் எடு’ என்பது எவ்வளவு இழுக்கும் என்று எனக்குத் தெரியும். மகரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்கு ஒரு பெட் மெஷின் வாங்க நாடே காசு சேர்த்தது. இந்த ஸ்கேன் எட்டாக்கனியாக இருந்ததுதான் காரணம். அதனால் இடம் மாறத்தான் வேண்டும் என்றால், பிலிமை மட்டுமல்ல, சீடியையும் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள டைகொம் (DICOM) என்ற மருத்துவப் படக் கோப்பின் தலைப்பில் 0054,1103 என்ற இலக்கத்தின் கீழ் மீளமைப்பு முறை எழுதும் இடம் இருக்கிறது. வைத்தியருக்கு அந்த ஒரு வரி உதவும்.

மீளமைப்பை மட்டும் குற்றம் சொல்லவும் கூடாது. மருந்து ஏற்றி 60 நிமிடம் காத்திருந்த படத்தையும் 90 நிமிடம் காத்திருந்த படத்தையும் எந்தக் கணக்காலும் சமமாக்க முடியாது. ஆறு மணித்தியாலம் பட்டினி என்றால் சீனி போட்ட பிளேன்டீயும் பட்டினியை முறித்துவிடும். முதல்நாள் மலை ஏறி இறங்கி வேலை செய்தால் தசைகள் குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். நுவரெலியாக் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தால் கழுத்திலும் தோளிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பு ஒளிரும். கணு எது கொழுப்பு எது என்று குழப்பும். ஸ்வெட்டரும் கம்பளியும் கொண்டு போங்கள்.

## தலவாக்கலைத் தம்பிக்கு

தம்பி இரண்டு சீடியையும் கொண்டு வந்தார். முதலாவதில் சாதாரண ஓசெம், 5 மில்லிமீற்றர் வடி. இரண்டாவதில் பறப்பு நேரம், பிஎஸ்எஃப் இரண்டும்; வடி இல்லை. காத்திருந்த நேரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்று. ஈரலின் சராசரி 3.0, 3.1. ஈரல் அசையாமல் சின்னக் கணு மட்டும் ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகம் ரிப்போர்ட் ஆகாது. உங்கள் வைத்தியர் மூலம் கேளுங்கள் என்று சொல்லி, கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: பிஎஸ்எஃப் இல்லாமல், 5 மில்லிமீற்றர் வடியோடு இன்னொரு தடவை.

முதல் இடத்தில் மூலத் தரவை ஏற்கெனவே அழித்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் நல்லகாலம், இருந்தது. திரும்பக் கட்டியதில் அதே கணு 2.9. மெஷினும் பளிங்கும் வேறு என்பதால் இரண்டு படமும் முழுக்கப் பொருந்தாது என்று அந்த இடத்து ரேடியோகிராபரும் சொன்னாராம், சரிதான். வைத்தியர் புதுப் படத்தையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மருந்தை மாற்றாமல் திட்டமிட்ட சுற்றுகளை முடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். கணு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த ஸ்கேன் மார்கழியில், முதல் இடத்தில். திகதியை இப்போதே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். மூலத் தரவை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கவுன்டரில் தம்பி கேட்டாராம். உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்ல அவர்களுக்கு அரை மணித்தியாலம் பிடித்ததாம்.